புழுதி விதைப்பும் 800 கோடிப் பேரும்

நேற்று எங்கள் ராமநாதபுரம் மாவட்டத் தொண்டியில் டீக்கடையில் ஒரு பெரியவர் சொன்னார், "ஜனம் பெருகிப்போச்சப்பு, அதான் வெயிலும் கூடிப்போச்சு." இருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை, அதான் எழுதுகிறேன்.

1960இல் உலகத்தில் 300 கோடிப் பேர், 2022 நவம்பரில் 800 கோடி. மூன்று மடங்குகூட ஆகவில்லை, ஆனால் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து வரும், சூட்டைப் பிடித்துவைக்கும் கரியமில வாயு அதே காலத்தில் ஏறக்குறைய நான்கு மடங்காகிவிட்டது. அமெரிக்காவில் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 14 டன், இந்தியாவில் சுமார் 2 டன். அந்த 2 டன்னிலும் சென்னையில் ராத்திரி முழுக்க ஏசி ஓடும் வீடும், எங்கள் ஊரில் ஆடு மேய்க்கும் அக்கா வீடும் ஒன்றா? தமிழ்நாட்டில் இப்போது ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு பிள்ளைகூட இல்லை. அப்புறம் யாரைப் பார்த்து ஜனம் பெருகிப்போச்சு என்கிறோம்?

விவசாயத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. தண்ணீர் கட்டி நிற்கிற நெல்வயலில், காற்றுப் படாத சேற்றுக்குள் மீத்தேன் உண்டாகிறது, நூறு ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு சூட்டைப் பிடிக்கும். யூரியாவை அள்ளி வீசினால் கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடு சுமார் 270 மடங்கு. ஆனால் எங்கள் பக்கம் புழுதி விதைப்பு. காய்ந்த மண்ணை உழுது விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்போம், மழை பெய்து கண்மாய்க்குத் தண்ணீர் வந்தால்தான் வயலிலும் தண்ணீர். அதுவரை அங்கே மீத்தேனுக்கு வழியே இல்லை.

போன புரட்டாசியில் ஒரு மழை தலைகாட்டிவிட்டுப் போய்விட்டது, முளையும் கிளம்பிவிட்டது. பதினைந்து நாள் கழித்து அப்பா வரப்போரம் குத்தவைத்து விரலால் மண்ணைக் கிளறினார். முளை வெள்ளையாக, நுனி கருகி, நூல் மாதிரி சுருண்டு கிடந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை, மண்ணை மறுபடி மூடிவிட்டு எழுந்தார். திரும்ப விதை வாங்க அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. ஒரு வருஷத்து மழையை வைத்து எல்லாம் பருவநிலை மாற்றம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 2016இல் கடல் சூடேறி மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகள் வெளுத்துச் செத்ததே, அந்தச் சூடு எங்கள் அடுப்பிலிருந்து வந்ததா?

எங்கள் பங்குக்குச் செய்ய வேண்டியதைச் செய்வோம். இந்தத் தடவை யூரியாவை மொத்தமாக வீசாமல் பயிரைப் பார்த்து மூன்று தடவையாகப் போடலாம் என்றேன், அப்பாவும் சரி என்றார். நாளைக்கு அந்தப் பெரியவரைப் பார்த்தால் இந்தக் கணக்கைச் சொல்லத்தான் போகிறேன், அவரும் மானாவாரிக்காரர்தான்.