மார்ட்கேஜ்: செத்தது யார்?

‘மார்ட்கேஜ் என்றால் சாகும்வரை கட்டும் கடன், பெயரிலேயே எச்சரித்துவிட்டார்கள்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. பாதி சரி, மீதி கற்பனை.

வீட்டையோ நிலத்தையோ ஈடாக வைத்து வாங்கும் கடனுக்கான இந்த ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது உண்மைதான். ‘மோர்’ என்றால் செத்தது, ‘காஜ்’ என்றால் அடகு. ஆனால் இங்கே சாவது கடன் வாங்கியவர் இல்லை, அடகு! 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய நீதிபதி தாமஸ் லிட்டில்டன் தந்த விளக்கம் இது: குறித்த நாளில் பணம் கட்டாவிட்டால் நிலம் கடனாளிக்குச் செத்துப்போகும், கட்டிவிட்டால் கடன் கொடுத்தவருக்கு அந்த அடகு செத்துப்போகும்.

அதற்கும் முந்தைய கதைதான் எனக்குப் பிடித்தது. 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதப்பட்டு, ஆங்கிலேய நீதிபதி கிளான்வில் பெயரால் வழங்கும் சட்டநூல் அடகை இரண்டாகப் பிரிக்கிறது. நிலத்தின் வருமானம் அசலில் கழிந்துகொண்டே வந்தால் அது ஒருவகை. விளைச்சலைக் கடன் கொடுத்தவர் அள்ளிக்கொண்டும் அசல் ஒரு காசுகூடக் குறையாவிட்டால் அது செத்த அடகு. நம் ஊரில் நிலத்தை ஒத்திக்கு விட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். வட்டி பாவம் என்று திருச்சபை சொன்ன காலம் அது. இதுவும் ஒருவகை வட்டித்தொழில்தான் என்று அந்த நூலே ஒப்புக்கொள்கிறது.

அப்புறம், 20 வருஷம், 30 வருஷம் என்று இழுக்கும் மாதத் தவணை லிட்டில்டன் விளக்கத்தில் இல்லவே இல்லை. குறித்த ஒரு நாள், அவ்வளவுதான்.