கடைசிக் கதிரையில் இருக்கிறவருக்கும் தெரிய வேண்டும்

ஒரு கூட்டத்தில் மல்டிமீடியா போட்டு ஸ்லைட் காட்டுவதென்றால், அது முன்னால் இருக்கிற மனிதர்களுக்காக இருக்க வேண்டும். ஆனால் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று எந்தப் பக்கம் பயிற்சிக்குப் போனாலும் பேசுகிறவர் மறந்துபோகாமல் இருப்பதற்காகவோ, காசு கொடுத்தவர்களுக்கு அனுப்பும் அறிக்கையில் சேர்ப்பதற்காகவோ செய்த ஸ்லைட்களைத்தான் பார்க்கிறேன். கூலி வேலையையும் வயலையும் விட்டுவிட்டு வந்து பொதுநோக்கு மண்டபத்தில் இருக்கிற சனத்துக்கு அதில் ஒன்றுமே இல்லை. எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

கவனித்துப் பாருங்கள், ஸ்லைட் மாறியவுடன் எல்லாரும் ஃபோனைத் தூக்கிப் படம் எடுக்கிறார்கள். பேசுகிறவர்கள் அதை ஆர்வம் என்று நினைக்கிறார்கள். அந்த நேரத்துக்குள் வாசித்து முடிக்க ஏலாது, வீட்டுக்குப் போய் மகளிடம் கேட்டுப் பார்ப்போம் என்றுதான் எடுக்கிறார்கள்.

சிறுபோகத்துக்கு முந்தின பயிர்ச்செய்கைக் கூட்டத்தை ஒரு உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் வைத்திருக்கிற கமக்காரருக்குத் தேவையானவை மிகச் சில: குளத்தில் இப்போது எத்தனை அடி தண்ணீர், இந்த முறை எத்தனை ஏக்கர் விதைக்கலாம், தன் வாய்க்காலுக்குப் பங்கு எவ்வளவு, தண்ணீர் எப்போது திறந்து எப்போது பூட்டுவார்கள். 36 அடி நிறைகுளம் என்பது அவருக்குத் தெரியும், மிச்சக் கணக்கை அவரே மனதில் போட்டுக்கொள்வார். இவ்வளவையும் ஒரே ஸ்லைட்டில், கடைசிக் கதிரையில் கண்ணாடி இல்லாமல் இருக்கிற ஐயாவுக்கும் தெரிகிற அளவு பெரிய இலக்கத்தில் போட்டுவிடலாம். மழைவீழ்ச்சி அட்டவணையை எக்செல்லில் இருந்து அப்படியே வெட்டி ஒட்டினால் அதைப் பேசுகிறவரே திரைக்குக் கிட்டப் போய்த்தான் வாசிக்க வேண்டும்.

முக்கியமான இலக்கம் அடியில் சின்னதாகக் கிடந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உலகம் அறிந்த ஒரு சம்பவம் இருக்கிறது. 2003 பெப்ரவரி 1ஆம் திகதி கொலம்பியா விண்ணோடம் திரும்பி வரும்போது சிதறி ஏழு பேரும் இறந்தார்கள். ஏவும்போது எரிபொருள் தாங்கியில் இருந்து பிய்ந்த நுரைத்துண்டு இடது சிறகில் மோதியிருந்தது. விண்ணோடம் மேலே பறந்துகொண்டிருந்த நாட்களிலேயே, அது ஆபத்தா இல்லையா என்று போயிங் பொறியியலாளர்கள் நாசாவுக்கு ஸ்லைட் போட்டு விளக்கினார்கள். ஒரு ஸ்லைட்டின் தலைப்பு பயப்பட வேண்டாம் என்கிற தொனியில் இருந்தது. ஆனால் அதன் அடியில் கடைசி வரிகளில்தான் விசயமே கிடந்தது: முன்பு சோதித்துப் பார்த்த துண்டு 3 கன அங்குலம், மோதியதாகக் கணித்த துண்டு 1920 கன அங்குலம். 640 மடங்கு! தகவலைப் படமாகக் காட்டுவது பற்றி எழுதிய பேராசிரியர் எட்வர்ட் டஃப்டி அந்த ஸ்லைட்டை வரிவரியாகப் பிரித்துக் காட்டினார், விசாரணைக் குழுவும் அதைத் தன் அறிக்கையில் சேர்த்தது. ஸ்லைட்டால்தான் விபத்து நடந்தது என்று நான் சொல்லவில்லை. அந்த 640 தலைப்பில் இருந்திருந்தால் அந்த அறையில் நடந்த பேச்சு வேறு மாதிரிப் போயிருக்கும் என்று நம்புகிறேன்.

அதனால் தலைப்பிலேயே செய்தியைச் சொல்லுங்கள். ‘நீர் முகாமைத்துவம்’ என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. ‘பிந்தி விதைத்தால் கடைசித் தண்ணீர் கிடைக்காது’ என்று எழுதிப் பாருங்கள், பின்வரிசையில் கதைத்துக்கொண்டிருக்கிறவரும் நிமிர்ந்து பார்ப்பார்.

படம் போட வேண்டிய இடத்தில் படத்தைப் போடுங்கள். சோளத்தில் படைப்புழு 2018இல் இலங்கைக்கு வந்து எவ்வளவு பாடுபடுத்தியது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். அதை அடையாளம் காண, தலையில் கவிழ்ந்த கவட்டை மாதிரி வெளிர் கோடு, வால் பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளி, இந்த இரண்டும் போதும். திரை நிறைய ஒரே ஒரு புழு, இரண்டு அம்புக்குறி. அதைக் காட்டிவிட்டு வாயால் விளக்கினால் பள்ளிக்கூடம் போகாத அம்மாவும் நாளைக்கு வயலில் கண்டுபிடிப்பார். அதே விளக்கத்தைப் பக்கத்தில் வரிவரியாக எழுதி, அதையே வாசித்தும் காட்டினால் விளக்கம் கூடாது, குறையத்தான் செய்யும். ரிச்சர்ட் மேயர் என்ற உளவியல் பேராசிரியர் இதைப் பரிசோதனைகள் வைத்தே காட்டியிருக்கிறார். கண் எழுத்தில் ஓடும்போது காது பேச்சை விட்டுவிடுகிறது.

தமிழில் ஸ்லைட் செய்கிறவர்களுக்குத் தனியாகச் சில தொல்லைகள் உண்டு, இவற்றை யாரும் சொல்லித் தருவதில்லை. நம் சொற்கள் நீளம். வசனம் பெட்டிக்குள் அடங்காவிட்டால் பவர்பொயின்ட் கேட்காமலே எழுத்தைச் சின்னதாக்கிவிடும், நாம் கணினிக்குக் கிட்ட இருப்பதால் அது கண்ணில் படாது. அந்த வசதியை நிறுத்திவிட்டு, எழுத்தைச் சுருக்காமல் வசனத்தைச் சுருக்குங்கள். மேலே புள்ளி, கீழே உகரக் குறி என்று நம் எழுத்துக்கு இரண்டு பக்கமும் இடம் வேண்டும், வரிகளுக்கு நடுவே தாராளமாக இடைவெளி விடாவிட்டால் ஒன்றோடு ஒன்று முட்டும். அப்புறம் இந்தப் பாமினி என்ற பழைய எழுத்துரு. உங்கள் கணினியில் வடிவாக இருந்தது மண்டபத்துக் கணினியில் ஆங்கில எழுத்தும் குறிகளுமாக விழுந்து, நிகழ்ச்சி தொடங்கப் பிந்துவதை எத்தனை முறை பார்ப்பது? யுனிக்கோடில் எழுதுங்கள், கூடவே பிடிஎஃப் ஒன்றையும் எடுத்துப் போங்கள்.

நம் மண்டபங்கள் பல அரைச்சுவர், வெளிச்சம் நாலு பக்கமும் வரும். நீலத்தின் மேல் சிவப்பெழுத்து அங்கே எடுபடாது. வெள்ளையில் கறுப்பு போதும்.

இப்படிக் குறைத்தால் வராதவர்களுக்கு எதைக் கொடுப்பது என்று கேட்பீர்கள். சரியான கேள்விதான். விவரம் முழுவதையும் தமிழில் ஒரு தாளில் எழுதி, அச்சடித்துக் கையில் கொடுங்கள், வட்ஸ்அப் குழுவிலும் போடுங்கள். கரண்ட் போனாலும் அந்தத் தாளை வைத்துக் கூட்டத்தை நடத்தலாம். பயிற்சிக்கு வரவுசெலவு போடும்போது பதாகைக்கும் சாப்பாட்டுக்கும் ஒதுக்குகிற மாதிரி இந்தத் தாளுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள், அதை மொழிபெயர்க்கிறவருக்கும் ஒழுங்கான சம்பளம் கொடுங்கள்.