சாட் செய்தால் பிள்ளைகளின் மூளை சுருங்குமா?

"போனில் சாட் செய்யும் டீன்ஏஜ் பிள்ளைகளின் மூளை சுருங்கும், நேரில் பேசவே வராது, விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள்" என்றொரு செய்தி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அப்படி யாரும் நிரூபிக்கவில்லை.

சமூக ஊடகம் தன்னளவில் நல்லதும் அல்ல, கெட்டதும் அல்ல என்கிறது அமெரிக்க உளவியல் சங்கம் 2023 மே மாதம் வெளியிட்ட அறிவுரை. அந்தச் சங்கத்தின் இணையதளத்திலேயே படிக்கலாம்.

உண்மையில் கவனிக்க வேண்டியது, சக வயதினரின் அழுத்தம். 2016இல் வெளியான கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வில் 32 பதின்வயதினருக்குப் படங்களைக் காட்டினார்கள். ஏற்கெனவே நிறைய லைக் விழுந்ததாகத் தெரிந்த படத்துக்கே அவர்களும் அதிகம் லைக் போட்டார்கள். தன் படத்துக்கு லைக் குவிந்ததைப் பார்த்தபோது மூளையில் மகிழ்ச்சி தரும் பகுதி சுறுசுறுப்பானது. பத்து நிமிடத்தில் லைக் வரவில்லை என்று பதிவையே அழிக்கும் பிள்ளையின் தவிப்பு இப்போது புரிகிறதல்லவா?

தூக்கத்தைக் கெடுக்கும் பயன்பாடு, கேலி, அடுத்தவரோடு ஓயாத ஒப்பீடு: இவை மெய்யான கவலைகள், அந்த அறிவுரையும் இவற்றைச் சொல்கிறது. பயந்துபோய் போனைப் பிடுங்கினால், பிள்ளை நம்மிடம் மனம்விட்டுச் சொல்வதுதான் முதலில் நிற்கும் என்பது என் கருத்து.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் பக்குவமாகச் சொல்லுங்கள்.