அம்மாவைத் தாங்குகிற பிள்ளை

முரளி: ஆள் என்றால் அவன்தான் ஆள், அத்தை. ஒன்றுமில்லாத இடத்திலிருந்து வந்தவன். இன்றைக்கு ஊரே அவன் கையில்.

அத்தை: இருக்கட்டும். வாடகையை ஐந்தாம் தேதிக்குள் கொடுப்பானா?

முரளி: (கைபேசியை விட்டுக் கண்ணை எடுக்காமல்) பணத்துக்கு என்ன குறை? தொழில் அப்படி.

அத்தை: என்ன தொழில்?

முரளி: காளான்.

அத்தை: காளானா! நல்ல தொழில்தானே. பின் தெருவில் ஒரு பெண் வைக்கோலில் வளர்த்துப் பாக்கெட் போட்டுக் கடைக்குக் கொடுக்கிறாள். ஆனால் என் மாடியில் வளர்க்கக் கூடாது. ஈரம் கீழே இறங்கும்.

முரளி: மாடியிலா? பூமிக்கு அடியில் நடக்கிறது. பழைய டிராலி வண்டி ஓடிய சுரங்கம்.

அத்தை: விவரமானவன். கூட யார் யார் இருக்கிறார்கள்?

முரளி: அம்மா. அவனுக்கு அம்மா என்றால் உயிர். அந்த அம்மாவுக்கு வயதாகி நினைவு தடுமாறுகிறது. எத்தனை வேலை இருந்தாலும் போய்ப் பார்க்காமல் இருக்க மாட்டான்.

அத்தை: பாவம், அந்த அம்மாவால் மாடிப்படி ஏற முடியுமா?

முரளி: அவனுக்கே கால் சரியில்லை. பிறவியிலேயே பாதம் வளைந்தது. சாய்ந்து சாய்ந்துதான் நடப்பான்.

அத்தை: அப்படியானால் படிக்குக் கைப்பிடி வைக்க வேண்டும். வெல்டிங் ஆளிடம் சொல்கிறேன். வேறு யார்?

முரளி: விக்டர் என்று ஒரு பையன். வெள்ளத்தில் குடும்பத்தையே பறிகொடுத்தவன், திக்கித் திக்கிப் பேசுவான். இவன் காரில் சக்கரத்தைக் கழற்ற வந்து மாட்டிக்கொண்டான். அவனையே வேலைக்கு வைத்துக்கொண்டான் அத்தை!

அத்தை: திருட வந்தவனுக்கு வேலையா? இந்தக் காலத்தில் யார் கொடுப்பார்கள்? அட்வான்ஸ் பத்து மாதம் கேட்பதாக இருந்தேன். இவனுக்கு ஆறு போதும்.

முரளி: அதுமட்டுமா? வெள்ளத்துக்குப் பிறகு பணக்காரர் பகுதிக்குக் கரண்ட் வந்துவிட்டது, ஏழைகள் பகுதிக்கு வரவில்லை. ஒரு கவுன்சிலரை மடக்கி வர வைத்தான்.

அத்தை: ஐந்து போதும். எந்த ஊர்?

முரளி: கோத்தம்.

அத்தை: கொத்தமங்கலமா? புதுக்கோட்டைப் பக்கம்தானே? நல்ல மனிதர்கள். முன்னால் எங்கே வேலை பார்த்தான்?

முரளி: ஃபால்கோனி குடும்பத்தில். டிரைவராகச் சேர்ந்து படிப்படியாக வந்தவன். பெரியவர் போன பிறகு மகன் ஆல்பர்ட்டோ தலையெடுத்தான். ஒரு நாள் இவன் மனம் திறந்து தன் ஆசையைச் சொன்னான். அவன் சிரித்துவிட்டான்.

அத்தை: சம்பளம் கொடுக்கிற திமிர். இவன் என்ன செய்தான்?

முரளி: சுட்டுவிட்டான்.

அத்தை: எதை?

முரளி: ஆல்பர்ட்டோவை. முதல் பாகத்திலேயே!

அத்தை: முரளி. நீ யாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாய்?

முரளி: பென்குயின், அத்தை! 2024-இல் எச்.பி.ஓ.வில் வந்த தொடர். எட்டுப் பாகம். நீங்கள் யாரைப் பற்றிக் கேட்டீர்கள்?

அத்தை: மாடிப் போர்ஷனுக்கு நல்ல ஆளாகப் பார் என்று போன மாதமே சொன்னேனே! கொஞ்சம் விட்டிருந்தால் கைப்பிடிக்கு முன்பணம் கொடுத்திருப்பேன்.

(முரளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எந்தக் கொலைகாரனைத் திரையில் பார்த்தாலும் ‘உழைப்பால் உயர்ந்தவர்’ என்று வாட்ஸ்அப்பில் படமாக வைத்துக்கொள்ளும் சாதி. என் அலுவலகத்திலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். இருவரும் கேன்டீன் கடனைத் தீர்த்ததில்லை.)

முரளி: பேட்மேன் கதை வில்லன், அத்தை. கோத்தம் அந்தக் கதையில் வரும் ஊர், ஃபால்கோனி அங்கே தாதாக் குடும்பம், காளான் போதைமருந்துக்கு. 1941-இல் காமிக்ஸில் வந்தபோது உயரத் தொப்பி, குடை, ஒற்றைக்கண் கண்ணாடி என்று கோமாளி வேஷம். இதில் அதெல்லாம் கிடையாது. எல்லாம் யதார்த்தம்.

அத்தை: ஊரில் வெள்ளம் வந்திருக்கிறது, குடையை மட்டும் யதார்த்தம் என்று பிடுங்கிவிட்டார்களா? சரி, அந்த பேட்மேன் எப்போது வருவான்?

முரளி: வரமாட்டான். கடைசியில் வானத்தில் அவனைக் கூப்பிடும் வெளிச்சம் மட்டும் தெரியும்.

அத்தை: எல்லாம் முடிந்த பிறகு சைரன் கேட்பதுபோல.

முரளி: நடிப்பைப் பாருங்கள் அத்தை. காலின் ஃபாரல் எவ்வளவு அழகான மனிதர்! அவர்தான் என்றே தெரியாது. முகத்துக்கு ஒப்பனை போடவே ஏறக்குறைய மூன்று மணி நேரமாம்.

அத்தை: அழகான ஆளைக் கோரமாக்க அவர்களுக்கு மூன்று மணி நேரம். கொலைகாரனை நல்லவனாக்க உனக்கு அரை நிமிடம் போதுமாக இருக்கிறது.

முரளி: அவன் இளமைக்காலம் அப்படி. வறுமை, ஊனம், கேலி...

அத்தை: கூடப் பிறந்தவர்கள்?

முரளி: இரண்டு பேர். (குரல் இறங்குகிறது) சின்ன வயதில் விளையாடும்போது சுரங்கத்தில் வைத்துப் பூட்டிவிட்டான். மழை வந்தது.

அத்தை: வீட்டுக்கு ஓடிவந்து சொன்னானா?

முரளி: இல்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து டிவியில் நடனப் படம் பார்த்தான். அம்மா தனக்கு மட்டும் வேண்டும் என்ற ஏக்கம் அத்தை. பாசம்!

அத்தை: அட்வான்ஸ் இருபது மாதம்.

முரளி: அத்தை, அவன் குடிவரப் போவதில்லை.

அத்தை: வந்தால் இருபது. அந்தத் திக்குவாய்ப் பையன் என்ன ஆனான்?

முரளி: அது... கடைசிப் பாகம். ஜெயித்த பிறகு ஆற்றங்கரைப் பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். பையன், ‘நீங்கள்தான் எனக்குக் குடும்பம்’ என்கிற மாதிரிச் சொல்கிறான்.

அத்தை: சொன்னான்.

முரளி: கழுத்தை நெரித்துவிட்டான்.

அத்தை: யார், அந்த வேலை கொடுத்த வள்ளலா?

முரளி: பாசம் வைத்தால் பலவீனம் அத்தை. உச்சிக்குப் போகிறவன் எதையாவது இழக்கத்தான் வேண்டும்.

அத்தை: இழந்தது யார்? பையன்தானே? பிறகு என்ன செய்தான், உட்கார்ந்து அழுதானா?

முரளி: பையனுடைய பர்ஸைத் திறந்து பணத்தை எடுத்துக்கொண்டான். ஓட்டுநர் உரிமத்தை ஆற்றில் எறிந்துவிட்டான்.

அத்தை: பணத்தை எடுத்துக்கொண்டானா! முப்பது மாதம். சாவிக்குத் தனி டெபாசிட்.

முரளி: நீங்கள் பெரிய படத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறீர்கள். அவனுக்கு எதிரே அந்த சோஃபியா இருக்கிறாளே, ஃபால்கோனி மகள், அவள்தான் ராட்சசி. சைக்கோ. பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் பத்து வருடம் இருந்தவள்.

அத்தை: என்ன செய்துவிட்டு உள்ளே போனாள்?

முரளி: பெண்களைக் கழுத்தை நெரித்துக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. உண்மையில் கொன்றது அவள் அப்பா. மகள் துப்பறியத் தொடங்கியது தெரிந்ததும் பழியை அவள் மேல் போட்டுவிட்டார்.

அத்தை: அப்பாவைப் பற்றி மகள் துப்பறிகிறாள் என்று அவருக்கு யார் சொன்னது?

முரளி: (மெதுவாக) டிரைவர்.

அத்தை: நம் காளான் வியாபாரியா?

முரளி: முன்னேற ஒரு வாய்ப்பு கிடைத்தது, பயன்படுத்திக்கொண்டான்.

அத்தை: கூடப் பிறந்தவர்களைக் கொன்று, நம்பிய பெண்ணைக் காட்டிக்கொடுத்து, தூக்கி வளர்த்த பையன் கழுத்தைத் திருகியவனுக்கு முன்னேற்றம். செய்யாத குற்றத்துக்குப் பத்து வருடம் அடைபட்டுக் கிடந்தவளுக்கு சைக்கோப் பட்டம்.

முரளி: அவளும் வெளியே வந்து விஷவாயு விட்டுக் குடும்பத்தையே கொன்றாள்!

அத்தை: அவளுக்கும் வீடு கிடையாது. நான் நியாயஸ்தி. ஆனால் அவளை மட்டும் நீ படமாக வைத்துக்கொள்ளவில்லையே, ஏன்? பரிசு யாருக்குக் கொடுத்தார்கள்?

முரளி: ஃபாரலுக்கு கோல்டன் குளோப் கிடைத்தது.

அத்தை: அவளுக்கு?

முரளி: 2025-இல் எம்மி. சிறந்த நடிகை, கிறிஸ்டின் மிலியோட்டி.

அத்தை: கொடுத்தவர்களுக்குக் கண் இருக்கிறது. சரி, எழுந்திரு. இந்தச் சாவியைக் கொண்டுபோய் முனையில் இருக்கும் மருந்துக்கடை வாசலில் நிற்கும் பெண்ணிடம் கொடு. நர்ஸ் வேலை. மாடியை அவளுக்குத்தான் விடப்போகிறேன்.

முரளி: தனியாக இருக்கிற பெண்ணா? நன்றாக விசாரித்தீர்களா அத்தை? இரவு நேரத்தில் வருவாள், போவாள். யார் யார் வந்து பார்ப்பார்களோ. நாளைக்குக் கெட்ட பெயர்...

அத்தை: பென்குயினுக்கு இவ்வளவு விசாரித்தாயா?

முரளி: அது கதை, அத்தை.

அத்தை: விசாரிக்க வேண்டியதை விசாரித்துவிட்டேன். அவளும் விசாரித்தாள். ‘கீழ் வீட்டுக்கு ஆண்கள் யாராவது வந்து போவார்களா அம்மா?’ என்று கேட்டாள்.

முரளி: என்ன சொன்னீர்கள்?

அத்தை: ‘அண்ணன் மகன் ஒருவன் வருவான். டிவி பார்த்துவிட்டு ஏதாவது உளறுவான், நீ பயப்படாதே’ என்றேன். ஒரு மாத அட்வான்ஸைக் குறைத்துக் கேட்டாள். நியாயம்தான் என்று பட்டது. குறைத்துவிட்டேன்.