ஒரு ‘பி’ எழுத்தும் ஒரு ஃபிரிட்ஜ் காந்தமும்

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து என் கல்லூரி நண்பன் ஒருத்தன் ஆபீஸ் வேலையாக யோகோஹாமா வந்திருந்தான். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே, “டேய், கோயில் குளமெல்லாம் அப்புறம், முதல்ல டைகொக்கு கூட்டிட்டுப் போ” என்று ஒரே பிடிவாதம். டைகொக்கு வேறொன்றுமில்லை, துறைமுகத்தை ஒட்டி எக்ஸ்பிரஸ்வே பாலங்கள் வட்டமாகச் சுற்றி இறங்கும் இடத்தில் இருக்கும் ஒரு பார்க்கிங். பழைய வண்டிப் பைத்தியங்கள் கூடும் இடம். ராத்திரி கூட்டம் அதிகமானால் போலீஸ் மூடிவிடுவார்கள் என்பதால் விவரம் தெரிந்த பெரியவர்கள் ஞாயிறு காலை ஏழு மணிக்கே வந்து, காபி குடித்து, ஒன்பதுக்குள் கிளம்பிவிடுவார்கள்.

அன்று ஒரு வெள்ளி நிற ஹாகோசுகா நின்றது. ஹாகோ என்றால் பெட்டி, சுகா என்பது ஸ்கைலைனின் செல்லச் சுருக்கம். பெட்டி மாதிரி இருக்கும் அந்தக் கால நிஸான் ஸ்கைலைன். கிரில்லில் சிவப்பு ஜிடி-ஆர் பேட்ஜ், அதாவது ஸ்கைலைனிலேயே ரேஸுக்கு வாரிசான உச்ச ரகம் என்று அர்த்தம். நண்பன் அரைமண்டியிட்டு, படுத்து, உருண்டு படம் எடுத்து, காபி வாங்கிக்கொண்டு வருவதற்குள் ‘ஒரிஜினல் ஜிடி-ஆர், கண்ணால் பார்த்துவிட்டேன்’ என்று போட்டும்விட்டான்.

எனக்கு முன் சக்கரத்தைப் பார்த்ததுமே சந்தேகம். சக்கரத்தை மூடும் ஃபெண்டர் தகட்டுக்கு மேல் ரிவெட் அடித்து ஒட்டிய அந்த அகலப் பட்டை, ஓவர் ஃபெண்டர், முன்னாலும் இருந்தது பின்னாலும் இருந்தது. தொழிற்சாலையிலிருந்து வந்த இரண்டு கதவு ஜிடி-ஆரில் அது பின்னால் மட்டும்தான். அதற்கு முந்தைய நாலு கதவு ஜிடி-ஆரில் எங்கேயுமே கிடையாது. நான் வாயைத் திறக்கவில்லை. வண்டிக்காரர், எழுபது வயது இருக்கும், எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு அவராகவே பானெட்டைத் தூக்கிக் காட்டினார். “எல் எஞ்சின்தான். 3.1 லிட்டர்” என்றார், ஏதோ பேரன் மார்க்கைச் சொல்வது போல.

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தப் பதிவு.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. 1968-ல் வந்த ஸ்கைலைன் 2000 ஜிடி-யின் சேஸிஸ் குறியீடு, அதாவது உடம்பில் அடிக்கும் மாடல் அடையாளம், ஜி.சி.10. உள்ளே எல்20 எஞ்சின், ஆறு சிலிண்டர், வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்ட் ஒன்றே ஒன்று, 105 குதிரைத்திறன். நல்ல உழைப்பாளி எஞ்சின், குறை சொல்ல முடியாது. அடுத்த வருடம், 1969 பிப்ரவரியில், அதே உடம்புக்குள் எஸ்20 என்ற வேறொரு எஞ்சினை வைத்து ஜிடி-ஆர் என்று விட்டார்கள். அதன் குறியீடு பி.ஜி.சி.10. 1970 அக்டோபரில் இரண்டு கதவு ஹார்ட்டாப் வந்தபோது முன்னால் ‘கே’ சேர்ந்து கே.பி.ஜி.சி.10 ஆனது. சாதாரண ஹார்ட்டாப் கே.ஜி.சி.10. வித்தியாசம் நடுவில் இருக்கும் அந்த ‘பி’ மட்டும்தான். எஸ்20 எஞ்சின் உள்ளே இருக்கிறது என்பதற்கான எழுத்து அது; அதே எஞ்சினோடு வந்த நிஸானின் ஸ்போர்ட்ஸ் கார் ஃபேர்லேடி இஸட் 432-வின் குறியீடு பி.எஸ்.30 என்று இருப்பதும் இதனால்தான். இன்றைக்கு அந்த ஒரு எழுத்துக்கு ஒரு வீட்டு விலை.

எஸ்20 ஏன் அப்படி என்றால், அது ரேஸ் வண்டிக்குப் பிறந்த வம்சம். பிரின்ஸ் என்ற கம்பெனி, 1966-ல் நிஸானோடு இணைவதற்கு முன்னால், ஆர்380 என்று ஒரு ரேஸ் கார் கட்டியது. அதன் ஜிஆர்8 எஞ்சின் வழியில் வந்ததுதான் இது. 1989 சிசி, இரண்டு கேம்ஷாஃப்ட், சிலிண்டருக்கு நான்கு வால்வு, மொத்தம் 24. 1969-ல் கடையில் காசு கொடுத்து வாங்கும் வண்டியில், அதுவும் நாலு கதவு குடும்ப வண்டியில், இது உலகத்திலேயே அபூர்வம். போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 82 மி.மீ.; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், வெறும் 62.8. பிஸ்டன் கொஞ்ச தூரம்தான் ஏறி இறங்க வேண்டும் என்பதால் சுற்றுவதற்கு அலுக்காது, 160 குதிரைத்திறன் நிமிஷத்துக்கு 7000 சுற்றில் வரும். மூன்று மிக்குனி சோலெக்ஸ் கார்புரேட்டர், ஒவ்வொன்றிலும் இரண்டு வாய், ஆக சிலிண்டருக்கு ஒரு வாய். டிக்கியைத் திறந்தால் 100 லிட்டர் பெட்ரோல் டேங்க் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மூன்று வருடத்துக்குள் ஜப்பான் ரேஸ்களில் 50 வெற்றி என்று கணக்கு.

பானெட்டைத் திறந்தால் இரண்டையும் பிரித்துச் சொல்ல ஐந்து விநாடி போதும். எல் எஞ்சினில் காற்று உள்ளே போவதும் புகை வெளியே வருவதும் ஒரே பக்கம், கார்புரேட்டரும் சைலன்சர் பைப்பும் ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாகத் தொங்கும். எஸ்20-ல் கார்புரேட்டர் ஒரு பக்கம், பைப் எதிர்ப்பக்கம். நடுவில் இரண்டு கேம்ஷாஃப்ட் இருப்பதால் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டும் அகலம். அவ்வளவுதான், பேட்ஜைப் பார்க்கவே தேவையில்லை.

சரி, அந்தப் பெரியவர் வண்டிக்கு வருகிறேன். அதே எல் குடும்பத்து எல்28 எஞ்சின், அதில் டீசல் எல்டி28-ன் கிராங்க்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) போட்டு ஸ்ட்ரோக்கை 79-லிருந்து 83 ஆக்கி, போரை 86-லிருந்து 89 ஆக்கினால் 3098 சிசி வரும். ஜப்பானில் இது பழைய, நன்றாகப் பழகிய வழி. “எஸ்20 வாங்கியிருக்கலாமே” என்று நண்பன் கேட்கச் சொன்னான், நான்தான் மொழிபெயர்ப்பாளன். அவர் சொன்னது: எஸ்20-ன் ஹெட்டில் ஒரு விரிசல் விட்டால் என் ஓய்வூதியம் போதாது, இதில் என்றால் வாராவாரம் ஹாக்கோனே மலை ஏறிவிட்டு வருவேன், ட்ராஃபிக்கில் நின்றாலும் பிளக் நனையாது. இதற்கு மேல் என்ன வேண்டும்? சேஸிஸ் நம்பர் கே.ஜி.சி.10 என்றுதான் இருக்கிறது, ஆவணத்திலும் அப்படித்தான், கேட்கும் முன்பே அவரே சொல்கிறார். பேட்ஜ் ஒட்டியிருக்கிறார், சரி, ஒட்டட்டும். நம் ஊரில் கம்யூட்டர் பைக்கில் ரேஸிங் ஸ்டிக்கர் ஒட்டாதவன் எவன்?

ஆனால் ஒன்று மட்டும் எனக்கு வலித்தது. சாதாரண ஹாகோசுகாவின் பக்கவாட்டில், பின் சக்கரத்துக்கு மேலாக ஒரு கோடு அலை மாதிரி ஓடும், சர்ஃப் லைன் என்பார்கள். ஜிடி-ஆரில் அகலமான டயர் போடுவதற்காகத் தொழிற்சாலையிலேயே அந்த இடத்தை வெட்டி விட்டார்கள். அதனால் ஜிடி-ஆர் மாதிரி ஆக்க நினைக்கிறவர்கள் எல்லாரும் முதலில் கை வைப்பது அந்தக் கோட்டில்தான். வெட்டினால் வெட்டியதுதான். ஐம்பது வருடமாக வெட்டி வெட்டி, இன்று டைகொக்குவில் கோடு வெட்டாத ஹாகோசுகாவை நான் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. என்னைக் கேட்டால், நல்ல துரு இல்லாத உடம்பு, சர்ஃப் லைன் முழுசு, எல்20, மெல்லிய டயர், ஜிடி பேட்ஜ், இதுதான் இன்று எனக்குப் பார்க்கத் தோன்றும் வண்டி.

என் கோபம் வேறு ஆட்கள் மேல். ஹாகோசுகாவில் சேஸிஸ் நம்பரை எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டில் அடித்திருப்பார்கள். அதை வெட்டி எடுத்து வேறு உடம்பில் வைத்து வெல்டிங் செய்து, மேலே பெயின்ட் அடித்து, ‘பி’ இல்லாத வண்டிக்கு ‘பி’ கொடுக்கிற வேலை இருக்கிறதே, அது திருட்டு. 1973-ல் வந்த கென்மேரி ஜிடி-ஆர் (கென்மேரி என்பது ஹாகோசுகாவுக்கு அடுத்த தலைமுறை ஸ்கைலைனின் செல்லப்பெயர்), கே.பி.ஜி.சி.110, மொத்தமே 197 வண்டிதான் செய்தார்கள், புகைக் கட்டுப்பாடு வந்து எஸ்20-க்கு அதோடு மங்களம். இணையத்தில் ‘ஒரிஜினல் கென்மேரி’ என்று போட்டிருக்கும் படங்களை எண்ணினால் 197 எப்போதோ தாண்டியிருக்கும். டொயோட்டா பக்கமும் இதே கதைதான், கொரோலா வகையில் ஏஇ85-ஐ ஏஇ86 ஆக்குவது. அதில் 1452 சிசி ஒற்றைக் கேம், இதில் 1587 சிசி இரட்டைக் கேம் 4ஏ-ஜிஇ. கடைசி எண் ஒன்று கூடினால் விலை எங்கேயோ போகிறது.

இப்போது எதிர்ப்பக்கத்து ஆட்களுக்கு வருகிறேன். இவர்கள் ஒரு போல்ட் தலையில் முத்திரை மாறியிருந்தால்கூட மூக்கைச் சுளிக்கிறவர்கள். இவர்களோடுதான் எனக்கு உண்மையில் சண்டை.

ஸ்கைலைனின் பின்னாளைய தலைமுறையான, 1989-ல் வந்த ஆர்32 ஜிடி-ஆரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்பி26 எஞ்சின் 2568 சிசி. இந்த விசித்திரமான எண்ணே ரேஸ் விதியிலிருந்து வந்தது. கடையில் விற்கும் வண்டிகளை அடிப்படையாகக் கொண்ட குரூப் ஏ ரேஸில், டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) உள்ள வண்டிக்கு சிசி-யை 1.7 ஆல் பெருக்குவார்கள், பெருக்கிப் பாருங்கள், சுமார் 4366, 4500 வகுப்புக்குள் பத்திரமாக உட்காரும். ஜப்பான் குரூப் ஏ-வில் 29 ரேஸ், 29 வெற்றி. சரி, அப்பேர்ப்பட்ட எஞ்சினில், முதல் சில வருட வண்டிகளில், ஆயில் பம்பைச் சுற்றும் கிராங்க்கின் பிடி நீளம் குறைவு. அதிகச் சுற்றில் பம்ப் உடையும், பம்ப் உடைந்தால் எஞ்சின் போச்சு. நிஸானே பிறகு அந்தப் பிடியை நீளமாக்கியது. டர்போவின் சுழலி செராமிக், லேசாக இருப்பதால் சீக்கிரம் சுற்றும், ஆனால் கொஞ்சம் அழுத்தம் கூட்டினால் நொறுங்கிவிடும். ரேஸுக்கு விட்ட என்1 வண்டியில் அவர்களே உலோகத்தில்தான் கொடுத்தார்கள். இன்றைக்கு ஒருவர் நல்ல பம்பும் உலோக டர்போவும் போட்டிருந்தால் ‘அடடா, ஒரிஜினல் இல்லையே’ என்கிறார்கள். செய்தவனே தப்பு என்று ஒத்துக்கொண்டு திருத்தியதை, நீ எதற்குக் கட்டிக்கொண்டு அழுகிறாய்?

இன்னொன்று, இதை நினைத்தால் எனக்குச் சிரிப்புதான். அன்று ஜப்பான் கம்பெனிகள் எல்லாம் 280 குதிரைத்திறனுக்கு மேல் விளம்பரப்படுத்துவதில்லை என்று தங்களுக்குள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள், 2004 வரை அது ஓடியது. ஆர்32-ன் காகிதத்திலும் 280. டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரப்பர் குழாய்க்குள் சின்னத் துளை போட்ட ஒரு அடைப்பான் வைத்திருப்பார்கள். அதைப் பிடுங்கி எறிந்தால் அழுத்தம் ஏறும், வண்டி பாயும். ஐந்து நிமிஷ வேலை. அது இருந்தால் ஒரிஜினல், இல்லாவிட்டால் டூப்ளிகேட்டா?

எனக்கும் ஒரு ஆர்32 ஆசை வந்தது. மூன்று வருடம் முன்னால், டோக்கியோவுக்கு வடக்கே ஒரு பழைய வண்டிக் கடையில், கேஎச்2 என்ற அந்தக் கருஞ்சாம்பல் நிறம், மீட்டரில் 80 ஆயிரம் கி.மீ. மீட்டரை நம்பவில்லை, ஏனென்றால் 180-வரை இருக்கும் ஒரிஜினல் மீட்டரைக் கழற்றி 300 போட்ட மீட்டர் மாட்டுவது அந்தக் காலத்து ஃபேஷன், மாட்டியதும் கி.மீ. பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். நான் கொண்டு போனது வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இருந்த ஒரு காந்தம், மதுரையில் வாங்கியது, மீனாட்சியம்மன் கோபுரம் போட்டது. ஆர்32 ஜிடி-ஆரின் பானெட்டும் முன் ஃபெண்டர்களும் அலுமினியம். காந்தம் ஒட்டக் கூடாது. ஒட்டவில்லை, கோபுரம் சறுக்கிக் கையில் விழுந்தது, எனக்கு ஒரே சந்தோஷம். கதவு இரும்பு, டக்கென்று ஒட்டியது. அப்படியே பின் சக்கர வளைவுக்கு நகர்த்தினேன். அதுவும் இரும்புதான், ஒட்ட வேண்டும். ஒரு சாண் அகலத்துக்கு ஒட்டவே இல்லை. துருவை நோண்டிவிட்டுக் கனமாகப் பட்டி வைத்து, தேய்த்து, மேலே அழகாக பெயின்ட். கடைக்காரர் “உடம்பு முழுக்க ஒரிஜினல்” என்று சொல்லி இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. நான் காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், அவர் என் கையைப் பார்க்கிறார், பிறகு வானிலையைப் பற்றிப் பேசினோம்.

அந்த வண்டியில் பட்டி வைத்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. முப்பது வருட வண்டிக்குத் துரு வராமல் என்ன வரும். 25 வருடம் ஆன வெளிநாட்டு வண்டியை இறக்குமதி செய்யலாம் என்ற அமெரிக்க விதியில் 2014-லிருந்து ஆர்32 அங்கே போக ஆரம்பித்த பிறகு விலை ஏறி, எல்லாரும் அவசர அவசரமாகப் பளபளப்பாக்குகிறார்கள். சொல்லிவிட்டுச் செய், அவ்வளவுதான் என் கட்சி.

பளபளப்பு என்றதும் இன்னொரு எரிச்சல். ரிஸ்டோர் செய்கிறேன் என்று முழு உடம்பையும் மணல் பீய்ச்சிச் சுரண்டி, தொழிற்சாலையே கொடுத்திராத அளவுக்குக் கண்ணாடி மாதிரி பெயின்ட் அடிப்பது. நம் ஊர்க் கோயில்களில் கும்பாபிஷேகத்துக்கு என்று கல்லில் மணல் பீய்ச்சி, ஆயிரம் வருடக் கல்வெட்டு எழுத்து மழுங்கிப் போனதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஒரு வண்டியின் கல்வெட்டு அந்தத் தகட்டில் அடித்த நம்பர்தான். ஆலை இன்ஸ்பெக்டர் கையால் தேய்த்த சாக்பீஸ் குறி, தகட்டு இணைப்புகளை அடைக்கப் பூசி அங்கேயே வழிந்து காய்ந்த சீலர், இதெல்லாம் போனால் திரும்ப வராது. பம்ப் எத்தனை வேண்டுமானாலும் புதுசாகக் கிடைக்கும்.

உண்மையில் கிடைக்கவும் செய்கிறது. 2017-லிருந்து நிஸானின் ரேஸ் பிரிவான நிஸ்மோ ஆர்32-க்கான பழைய உதிரிகளை மறுபடி செய்து ஹெரிடேஜ் பார்ட்ஸ் என்று விற்கிறது. டொயோட்டாவும் 2000ஜிடி, சுப்ரா, ஏஇ86 என்று ஆரம்பித்திருக்கிறது. பழைய ரப்பர் தூளாகிப் போன வண்டிக்கு இவ்வளவு வருடம் கழித்துக் கம்பெனியே புது ரப்பர் கொடுத்தால் அது ஒரிஜினலா இல்லையா என்று இதற்கும் ஒரு பட்டிமன்றம் ஓடுகிறது. நான் வாங்கிப் போடு என்கிற கட்சி. மழை ஒழுகுகிற ஒரிஜினல் கதவுக்குள் உட்கார்ந்து பார்த்தவன் பேசட்டும்.

நண்பன் ஊருக்குப் போய்விட்டான். அவன் போட்ட ஹாகோசுகா படத்துக்கு நானூறு லைக் தாண்டிவிட்டது. “டேய் மச்சான், தலைப்பை மாத்துடா, எல்28-ன்னு போடு, அந்தப் பெரியவரே சொன்னாருல்ல” என்று இரண்டு முறை மெசேஜ் அனுப்பினேன். பார்த்துவிட்டான், நீல டிக் விழுந்திருக்கிறது. நேற்று ராத்திரி வரை ‘ஒரிஜினல்’ அப்படியே இருக்கிறது.