ஒவ்வொரு பாகமும் நன்றாக இருக்கிறதாம், கணினி மட்டும் தானாக அணைந்து எழுகிறது

சென்ற ஆடி மாதக் கடைசியில் சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி வந்து, விழுப்புரத்தில் என் வீட்டு மேசையில் வைத்து நானே பொருத்திய கணினி, இரண்டரை மாதத்தில் 143 முறை தானாக ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. தோராயமாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை, அறையில் மின்விசிறி ஓடியதா என்பது வரை ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். அந்த நோட்டை ஒருவர்கூடத் திறந்து பார்க்கவில்லை என்பதுதான் என் முதல் ஆத்திரம்.

நான் திருமண வீடியோக்களை எடிட் செய்து பிழைப்பவன். ஆவணி முகூர்த்தங்களுக்குள் பழைய கணினியை ஓரங்கட்டிவிட வேண்டும் என்றுதான், சேமிப்பையும் ஒரு சீட்டுப் பணத்தையும் சேர்த்து இதை வாங்கினேன். மூன்று மணி நேர 4கே வீடியோ ஒன்றை எக்ஸ்போர்ட் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால், 80 சதவீதத்தைத் தாண்டிய பிறகு திரை சட்டென்று இருண்டுவிடும். நீலத் திரை வராது, எச்சரிக்கை வராது, பிழைச் செய்தி வராது. விசிறிகள் ஒரு கணம் தணிந்து மறுபடி சுற்றும், மதர்போர்டு நிறுவனத்தின் முத்திரை திரையில் தோன்றும், ஒன்றுமே நடக்காததுபோல் விண்டோஸ் கடவுச்சொல்லைக் கேட்கும். சில நாள் கடுமையான வேலையில் நிகழும். சில நாள் வெறும் மின்னஞ்சல் படிக்கும்போது நிகழும். இரண்டு நாள் முழுக்க நிகழாமலே இருந்து, சரியாகிவிட்டது என்று நம்பி நான் பெரிய வேலையைத் தொடங்கிய அன்றைக்கு நான்கு முறை நிகழும்.

கணினி தன் நோயைத் தானே எழுதி வைத்திருக்கும் என்று நினைத்து, விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். கெர்னல் பவர், எண் 41. கணினி முறையாக அணைக்கப்படாமல் மறுபடி தொடங்கியது, அது செயலற்று நின்றதாலோ, செயலிழந்ததாலோ, எதிர்பாராமல் மின்சாரம் போனதாலோ இருக்கலாம் என்பதுதான் அந்தப் பதிவின் மொத்தப் பொருள். அதாவது, விழுந்த பிறகு எழுந்து உட்கார்ந்து, நான் விழுந்தேன் என்று மட்டும் சொல்கிறது. விண்டோஸ் அமைப்பில் தானாக மறுதொடக்கம் செய்யும் வசதியை நீக்கிவைத்தால் நீலத் திரை அப்படியே நிற்கும், அதில் உள்ள குறியீட்டைப் படிக்கலாம் என்பதால் அதையும் நீக்கினேன். பயன் இல்லை. பதிவில் நீலத் திரைப் பிழையின் எண்ணான பக்செக் குறியீடு பூஜ்ஜியம் என்றே இருந்தது, நீலத் திரையை எழுதக்கூட நேரம் இல்லாமல் வன்பொருள் மட்டத்திலேயே அறுந்துபோகிறது என்பதுதான் பெரும்பாலும் அதற்கு அர்த்தம். அந்த 41ஐப் பார்த்தவுடன் எல்லோரும் ஒரே குரலில், கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியைக் காட்டிச் சொன்னது: "எஸ்எம்பிஎஸ் போயிருக்கும், மாத்திப் பாருங்க."

மாற்றிப் பாருங்கள் என்ற இந்த இரண்டு சொற்களைக் கேட்டாலே இப்போது எனக்கு உடம்பு எரிகிறது. மாற்றிப் பார்க்க இன்னொரு 850 வாட் எஸ்எம்பிஎஸ் எந்த வீட்டு அலமாரியில் இருக்கிறது? இன்னொரு மதர்போர்டு யாரிடம் இருக்கிறது? கடையில் இருக்கிறது, சர்வீஸ் சென்டரில் இருக்கிறது, ஆனால் அவர்கள் மாற்றிப் பார்க்க மாட்டார்கள். நான் காசு கொடுத்து இன்னொன்றை வாங்கி, மாற்றிப் பார்த்து, குறை அதில் இல்லையென்று தெரிந்த பிறகு, திரும்பக் கொடுக்க முடியாத அந்தப் பொருளையும் வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் வீட்டு மின்சாரத்தின் மேல் பழி விழுந்தது. அது காரணமாகவே இருக்க முடியாது என்று நான் சாதிக்கவில்லை. நம் ஊர் வீட்டு இன்வெர்ட்டர்கள் சாதாரண முறையில் இருந்தால் மின்சாரம் போகும்போது மெதுவாகத்தான் மாறும், கணினியின் எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிப்பதோ ஏறக்குறைய 16 மில்லி விநாடிதான். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுழற்சிக்கே 20 மில்லி விநாடி ஆகிறது. எனவே எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த் பார்த்தேன், வோல்ட்டேஜ் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. பிறகு 6,500 ரூபாய்க்கு ஒரு யுபிஎஸ் வாங்கினேன். யுபிஎஸ் ஒரு சத்தமும் எழுப்பாமல் பச்சை விளக்கோடு இருக்க, அதன் மேல் வைத்த கணினி ரீஸ்டார்ட் ஆனது. கேபினட்டின் ரீசெட் பொத்தான் உள்ளே ஒட்டிக்கொண்டாலும் இப்படி ஆகும் என்று ஒரு நண்பர் சொன்னார். செலவில்லாத, நேர்மையான யோசனை அது ஒன்றுதான். அந்த வயரைக் கழற்றிவிட்டேன், அதுவும் காரணமில்லை. விண்டோஸை மூன்று முறை அழித்து நிறுவினேன். ஒரு நண்பரின் கணினியிலிருந்து எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி வந்து, 24 முனை வயரிலிருந்து கிராபிக்ஸ் கார்டு வயர் வரை ஒரு ஞாயிறு முழுக்க மாற்றிப் பொருத்தினேன். திங்கள் காலை 10:20க்கு ரீஸ்டார்ட். நோட்டில் இருக்கிறது.

அதன் பிறகுதான் கேபினட்டைத் துணியில் சுற்றி, ரயிலில் மடிமேல் வைத்துக்கொண்டு எழும்பூர் வந்து, ஆட்டோ பிடித்து ரிச்சி தெருவுக்குப் போனேன். கடையில் 40 நிமிடம் ஓட்டிப் பார்த்தார்கள். "சார், நல்லா ஓடுதே. உங்க வீட்டு கரண்ட்தான் பிரச்சனை." யுபிஎஸ் வாங்கியதைச் சொன்னேன். "அப்ப போர்டா இருக்கும், சர்வீஸ் சென்டர் போங்க." மதர்போர்டு சர்வீஸ் சென்டரில் ஒன்பது நாள் வைத்திருந்து, குறை எதுவும் காணப்படவில்லை என்று அச்சிட்ட ஒரு தாளோடு திருப்பிக் கொடுத்தார்கள். கணினியின் நினைவகமான ரேமைத் தயாரித்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலும் அதே பதில். நாளுக்கு மூன்று முறை விழுகிற கணினியைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் எல்லாப் பாகங்களும் நலம் என்று எழுதிய தாள்களைச் சேகரித்துக்கொண்டிருந்தேன். இதற்குள் ஆவணி முடிந்துவிட்டது. இரண்டு குடும்பங்களுக்குச் சொன்ன தேதியில் வீடியோ தர முடியவில்லை, அதில் ஒரு பெண்ணின் அப்பா என்னிடம் கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார், கொடுத்தேன்.

புரட்டாசியில் முகூர்த்தம் இல்லாததால் முழு மாதமும் இதிலேயே கிடந்தேன். காரணத்தைக் கடைசியில் கண்டுபிடித்தது நான்தான். என் ப்ராசஸரைத் தயாரித்த நிறுவனத்தின் தொழில்நுட்ப விவரப் பக்கத்தில், யாரும் படிக்காத ஒரு சிறிய அட்டவணையில் அது இருந்தது. டிடிஆர்5 வகை ரேமில் இரண்டு போட்டால் உறுதியளிக்கப்படும் வேகம் 5200. நான்கு போட்டால் 3600. கடைக்காரர் எனக்கு விற்றது 16 ஜிபி ரேம் நான்கு, ஒவ்வொன்றின் பெட்டியிலும் 6000 என்று பெரிய எழுத்து. 32 ஜிபி இரண்டாகக் கேட்டேன். ஸ்டாக் இல்லை, நான்கு போட்டாலும் ஒன்றுதான், நான்கு ஸ்லாட்டும் நிறைந்தால் இன்னும் நல்லது என்றார். அன்று மாலையே போனில், "பயாஸ்ல ப்ரொஃபைல் ஆன் பண்ணிடுங்க சார், இல்லன்னா பாக்ஸ்ல போட்ட ஸ்பீடு வராது" என்றும் சொன்னார். விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸ் அமைப்பில், ரேமைப் பெட்டியில் போட்ட வேகத்துக்கு ஏற்றும் அந்த ப்ரொஃபைலை நான் ஆன் செய்தேன்.

டிடிஆர்5 6000 என்றால் ஒவ்வொரு தரவுக் கம்பியிலும் விநாடிக்கு 600 கோடி முறை தரவு மாறுகிறது. ஒரு தரவுக்குக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய 167 பிக்கோ விநாடி (பிக்கோ என்பது லட்சம் கோடியில் ஒரு பங்கு). வீட்டுக் கணினியின் போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தாலும் அவற்றை ப்ராசஸரோடு இணைக்கும் தடங்களான சேனல்கள் இரண்டுதான், எனவே நான்கு ரேம் போட்டால் ஒவ்வொரு சேனலின் கம்பிகளிலும் இரண்டிரண்டு ரேம் தொங்கும். அந்தச் சுமையில் சிக்னல் கலங்கும், ப்ராசஸருக்குள் இருந்து ரேமை இயக்கும் மெமரி கன்ட்ரோலர் திணறும். நான் ஆன் செய்த ப்ரொஃபைலோ 1.1 வோல்ட்டில் ஓட வேண்டிய ரேமை 1.35 வோல்ட்டுக்கு உயர்த்தி ஓட்டுகிறது. எக்ஸ்எம்பி என்றும் எக்ஸ்போ என்றும் அழகான பெயர் வைத்திருக்கும் அது, உறுதியளித்த வேகத்தைத் தாண்டி ஓட்டும் ஓவர்கிளாக்கிங் தவிர வேறில்லை. மதர்போர்டின் விளம்பரத்தில் 8000 வரை என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, பக்கத்தில் ஓ.சி. என்று இரண்டு சிறிய எழுத்துகளில் இதை ஒப்புக்கொள்கிறார்கள். டிடிஆர்5 ரேமுக்குள்ளேயே பிழை திருத்தும் வசதி இருக்கிறது, பிழையே வராது என்றும் கடையில் சொன்னார்கள். அந்த வசதி ரேம் சிப்புக்குள் நடக்கும் பிழையைத்தான் திருத்தும். சிப்பிலிருந்து ப்ராசஸருக்குப் போகும் வழியில் கெட்டுப்போகும் தரவை அது பார்ப்பதே இல்லை, என் கணினி கெட்டது அந்த வழியில்தான்.

சர்வீஸ் சென்டரில் ஏன் ஒழுங்காக ஓடியது என்பதும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர்கள் சோதிக்கும் முன் பயாஸில் நான் செய்த மாற்றங்களை அழித்து, ஆரம்ப அமைப்புக்குக் கொண்டுபோய், தங்களுடைய இரண்டு ரேமைப் போட்டு ஓட்டியிருக்கிறார்கள். நோய்க்குக் காரணமான இரண்டையும் அகற்றிவிட்டு நோய் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எத்தனை ரேம் போட்டிருக்கிறீர்கள், எந்த வேகத்தில் ஓடுகிறது என்ற ஒரு கேள்வியை, ஒன்பது நாளில் ஒருவர் ஒரு முறை கேட்டிருந்தால் எனக்கு ஆவணி மிஞ்சியிருக்கும். வீட்டில் இரண்டு ரேமைக் கழற்றி 5200இல் விட்டேன், 16 நாள் ஒரு ரீஸ்டார்ட்கூட இல்லை. நான்கையும் போட்டு 3600இல் விட்டேன், அதிலும் இல்லை. ப்ரொஃபைலை மறுபடி ஆன் செய்து பார்த்தேன், மூன்றரை மணி நேரத்தில் விழுந்தது. அதுதான் 143ஆவது.

இந்த முடிவோடு கடைக்குப் போனபோது கிடைத்த பதிலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ரேம் நல்ல ரேம், போர்டு நல்ல போர்டு, ப்ராசஸரில் குறையில்லை, எனவே திரும்பப் பெற முடியாது என்கிறார். பில்லின் அடியில் விற்ற பொருள் வாபஸ் இல்லை என்ற முத்திரையைக் காட்டுகிறார். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. என் 30 நாளையும் குறை எதுவும் காணப்படவில்லை என்ற தாள்களே தின்று தீர்த்துவிட்டன. அதே சட்டம், விற்பவர் எப்படியெல்லாம் சொல்லி விற்றாரோ அந்தத் தரத்தில் பொருள் இல்லாவிட்டாலும் குறைதான் என்கிறது. நான்கு போட்டாலும் ஒன்றுதான் என்று சொன்னவர் அவர். அதை எழுத்தில் வாங்கி வைக்காதது என் குற்றம் என்று இப்போது என்னிடமே சொல்கிறார்.

ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரண்டி அட்டை இருக்கிறது. அவை சேர்ந்து ஓட வேண்டும் என்பதற்கு எந்த அட்டையும் இல்லை. ஆனால் நான் பாகங்களை அலமாரியில் அடுக்கி வைத்து அழகு பார்க்கவா வாங்கினேன்? எல்லாப் பாகத்தையும் ஒரே கடையில், ஒரே பில்லில், 18 சதவீத ஜிஎஸ்டியோடு வாங்குகிறவருக்கு, இந்த ரேம் இத்தனை எண்ணிக்கையில் இந்த போர்டிலும் ப்ராசஸரிலும் இந்த வேகத்தில் ஓடும் என்று அதே பில்லில் ஒரு வரி எழுதிக் கொடுக்கக் கடைக்காரருக்கு என்ன தடை? எழுத முடியாது என்றால் அந்த வேகத்தைச் சொல்லி விற்கக் கூடாது. ரேம் பெட்டியின் மேல் 6000 என்று அச்சிடுகிறவர்கள், அதே அளவு எழுத்தில், உங்கள் ப்ராசஸர் அனுமதித்தால் என்று அச்சிட வேண்டும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். நோட்டின் 143 வரிகளையும் படமெடுத்து இணைத்திருக்கிறேன். ஐப்பசி முகூர்த்தங்களின் வேலை தொடங்கிவிட்டது. நான்கு ரேமும் 3600இல் ஓடுகின்றன, எக்ஸ்போர்ட் நடுவில் அறுவதில்லை. 6000க்கு நான் கொடுத்த பணம் கடையில்தான் இருக்கிறது, அதைக் கேட்டு அடுத்த செவ்வாய் மறுபடி ரயில் ஏறுகிறேன்.