விலை கேட்பவன் பயந்தாங்கொள்ளியா?

ஞாயிற்றுக்கிழமை பங்கு முதலீட்டாளர் கூட்டத்தில் என்ன நடந்தது என்று அன்றிரவே பலர் கேட்டுவிட்டீர்கள். இரண்டு நாள் ஆறப்போட்டேன், ஆறவில்லை. எழுதிவிடுகிறேன்.

அங்கே பேசிய இளைஞர், அந்தத் தம்பி, திரையில் காட்டியது, 2000 முதல் இன்று வரை நிஃப்டியின் (50 பெரிய நிறுவனங்களின் பங்குக் குறியீடு) பி.இ. விகிதத்தை, அதாவது ஒரு ரூபாய் ஆண்டு லாபத்துக்கு எத்தனை ரூபாய் விலை கொடுக்கிறோம் என்பதை, ஒரே கோடாக இழுத்த படம். "இப்போது 22. இத்தனை ஆண்டுச் சராசரியை ஒட்டித்தான் இருக்கிறது, தைரியமாக வாங்குங்கள்" என்றார். எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: இந்தக் கோடு முழுவதும் ஒரே கணக்கில் போட்டதா? "அங்கிள், வயதானால் பயம் வரத்தான் செய்யும்" என்று பதில் வந்தது. அரங்கம் கைதட்டியது.

நான் கேட்டதற்குக் காரணம் இருந்தது. 2021 மார்ச் வரை தேசியப் பங்குச் சந்தை இந்த விகிதத்தைத் தனி நிறுவன லாபத்தை வைத்துக் கணக்கிட்டது. மார்ச் 31 முதல், துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த லாபத்துக்கு மாறியது. முந்தைய நாள் 40ஐத் தாண்டியிருந்த பி.இ. மறுநாள் 33 ஆனது. நிஃப்டி அன்று இறங்கியதோ 1 சதவீத அளவுதான். அந்த ஒரு நாள் வித்தியாசத்தை வைத்துப் பார்த்தால், அவர் காட்டிய 22 பழைய கணக்கில் 27ஐ நெருங்கும். படியால் அளந்த நெல்லையும் மரக்காலால் அளந்த நெல்லையும் ஒரே கணக்கில் எழுதிக் கூட்டினால் எந்தக் களத்திலும் சண்டை வரும். இங்கே கைதட்டல் வருகிறது.

"புதிய கணக்குதானே சரி?" என்பீர்கள். சரிதான், மாற்றியதில் எனக்குக் குறையே இல்லை. இரண்டையும் ஒட்டி ஒரே சராசரி போடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

"நல்ல நிறுவனத்துக்கு விலை பார்க்கலாமா?" என்பவர்கள் 2000ஆம் ஆண்டு இன்ஃபோசிஸைப் பாருங்கள். அதன்பின் ஆண்டுதோறும் லாபம் பெருகியது. உச்சத்தில் வாங்கியவர் அசலைக் காணப் பல ஆண்டுகள் காத்திருந்தார். நிறுவனம் ஒரு குறையும் வைக்கவில்லை, கொடுத்த விலைதான் தவறு. விலை என்ன என்று கேட்பது பயம் அல்ல. கத்தரிக்காய்க்குக் கேட்கிறோம், வீட்டுமனைக்குக் கேட்கிறோம். பங்குக்குக் கேட்டால் மட்டும் கோழையா?

"கையில் ரொக்கத்தை வைத்துக்கொண்டு ஏற்றத்தைத் தவறவிட்டவர்தானே நீங்கள்?" ஆம், தவறவிட்டேன். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் பயத்தைப் பற்றி எனக்குப் பாடம் நடத்தாதீர்கள். 2020 மார்ச் 23, திங்கட்கிழமை. சந்தை திறந்து ஒரு மணி நேரத்துக்குள் 10 சதவீதம் சரிந்து 45 நிமிடம் வர்த்தகத்தை நிறுத்தினார்கள். என் மடியில் கோடு போட்ட நோட்டு. அதில் ஐந்து நிறுவனங்கள், எதிரே இந்த விலைக்கு வந்தால் வாங்குவேன் என்று சிவப்பு மையில் நானே எழுதிய எண்கள். நான்கு அந்த விலைக்குக் கீழே வந்துவிட்டன. பணம் வங்கிக் கணக்கில் இருந்தது. மனைவி காபியை வைத்துவிட்டு, "இந்த நாளுக்காகத்தானே காத்திருந்தீர்கள், வாங்கவில்லையா?" என்றாள். "இன்னும் இறங்கும்" என்றேன். கட்டைவிரல் திரைக்கு மேலேயே நின்றது. நிஃப்டி 13 சதவீதம் சரிந்து 7,610இல் முடிந்தது. காபி ஏடு கட்டிப்போயிருந்தது. அடுத்த நாள் வாங்கலாம் என்றேன், அடுத்த வாரம் என்றேன். அந்தப் பக்கத்தில் தேதியை எழுதி 'வாங்கவில்லை' என்று குறித்ததும் நான்தான்.

அது பயம். அதன் ருசி எனக்குத் தெரியும். விலையைக் கணக்குப் போட்டு முடித்த பிறகும் கை நகராமல் நிற்பதுதான் பயம். கணக்கே போடாமல், மற்றவர் வாங்குகிறார்களே என்று வாங்குவதும் அதே பயம்தான், விட்டுப்போய்விடுமோ என்ற பயம். ஞாயிற்றுக்கிழமை அந்த அரங்கில் இருந்தது இந்த இரண்டாவது பயம். அதற்குத் தைரியம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து வாங்க நினைத்ததை மூன்று பங்காகப் பிரித்து, மூன்று விலைகளில் முன்கூட்டியே ஆர்டர் போட்டுவிடுகிறேன். இறங்கும் நாளில் என் மனதை நான் நம்புவதில்லை.

அந்தத் தம்பி மீது எனக்கு வருத்தமில்லை. 2008இல் அவர் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார். ஜனவரியில் 21,000ஐத் தொட்ட சென்செக்ஸ் அக்டோபரில் 8,000க்குக் கீழே போனது அவருக்கு வெறும் படம். கைதட்டியவர்களில் மூன்று பேர் என்னோடு பத்தாண்டுகளாகப் பழகியவர்கள். அதில் ஒருவருக்கு, எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஆண்டறிக்கையில் தனிக் கணக்கு எது, ஒருங்கிணைந்த கணக்கு எது என்று விரல் வைத்துக் காட்டியவன் நான்.